எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்றிருந்தேன்

32 வயது வரை நான் மாய்ஸ்சரைசர் வாங்கியதே இல்லை. காலையில் எழுந்தாலே மூக்கும் நெற்றியும் எண்ணெய் மினுங்கும். இதற்கு மேல் கிரீம் வேறா என்றுதான் நினைப்பு. அம்மாவும் அதையே சொல்வார். "உனக்கு எண்ணெய் வடியற மூஞ்சி, நல்லா சோப்புப் போட்டுக் கழுவு, போதும்." கழுவினேன். வீட்டில் இரண்டு முறை, ஆபீசில் மூன்று முறை. உடம்புக்குப் போடும் அதே குளியல் சோப்புதான்.

வேலை சென்னை ஓஎம்ஆரில். வெளியே உப்புக்காற்றும் வியர்வையும், உள்ளே பத்து மணி நேரம் ஏசி. மதியம் மூன்று மணிக்கு மேல் முகம் இழுக்க ஆரம்பிக்கும். வாய் ஓரத்தில் மெல்லிய வெள்ளைச் செதில் எழும்பும். ஆனால் மூக்கைத் தொட்டால் விரலில் எண்ணெய். ஒரே முகத்தில் எண்ணெயும் வறட்சியும் எப்படி என்று குழம்பியிருக்கிறேன். எண்ணெய் வேறு, தோலுக்குள் இருக்கும் தண்ணீர் வேறு என்று அப்போது தெரியாது.

இதற்கு நடுவில் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. என் கன்னத்தில் பழைய பருத் தழும்புகள். தெருமுனை மெடிக்கலில் போய், "தழும்பு போக ஏதாவது கிரீம் குடுங்கண்ணா" என்று கேட்டேன். சின்னதாக ஒரு டியூபை எடுத்து வைத்தார். "ராத்திரி மட்டும் போடுங்கம்மா, பத்து நாள்ல தெளிஞ்சிடும்." சீட்டு கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சொன்னபடியே பத்து நாளில் முகம் தெளிந்துவிட்டது. தங்கையும் என் டியூபிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கல்யாண போட்டோவில் இரண்டு பேருமே பளிச்சென்று இருக்கிறோம்.

அப்புறம் அதையே தினமும் ராத்திரி மாய்ஸ்சரைசர் மாதிரி போட்டுக்கொண்டேன். எட்டு மாதம். ஒருமுறை ஊருக்குப் போகும்போது டியூபை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் முகம் சிவந்து, பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பின. திரும்பி வந்து போட்டதும் அடங்கியது. நம் முகத்துக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது என்று நான் முடிவு கட்டியது அன்றைக்குத்தான். நிறுத்தினால் எரிகிற மருந்தை, ஒத்துக்கொள்கிற மருந்து என்று நினைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிப் பானை மூடியைத் திறந்தேன். எப்போதும் முகத்தில் அடிக்கும் அதே ஆவிதான். அன்று கன்னத்தில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி இருந்தது. மூடியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினேன். மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நூல் நூலாக ரத்தக்குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் முன்பு இல்லாத பூனைமுடி. அன்றுதான் பயந்தேன்.

தோல் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன போடறீங்க, அந்த டியூபை எடுத்துட்டு வாங்க" என்பதுதான். பையிலேயே வைத்திருந்தேன். அவர் அதைத் திருப்பி, ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோட்டைக் காட்டினார். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துக்கு அந்த அடையாளம். உள்ளே மூன்று சரக்கு: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. அதை மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் விரிந்து வெளியே தெரியும், நிறுத்தினால் சிவந்து எரியும். இப்படி ஆன முகங்கள் நம் நாட்டில் நிறையப் பார்த்துப் பார்த்து, 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்களாம். சீட்டு இல்லாமல் இந்த மாதிரி கிரீம்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியைத் திருத்திவிட்டது. விதி வந்த பிறகுதான் நான் வாங்கினேன்.

எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் படிப்படியாகச் சொன்னார். அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை. மருந்தைத் தவிர அவர் அனுமதித்தது மூன்றே பொருள்: சோப்பு இல்லாத க்ளென்சர், மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன்.

"எனக்கு எண்ணெய் முகம் டாக்டர், மாய்ஸ்சரைசரா?" என்றேன். மேஜையில் இருந்த சீட்டுத் தாளைக் கையில் எடுத்தார். முகத்தோலின் மேலடுக்கு இந்தத் தாளைவிட மெல்லியதாம். அதில் செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். இடையில் சாந்து மாதிரி செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். சாந்து சரியாக இருந்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். தோலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5-ஐ ஒட்டி இருக்கும், குளியல் சோப்பு 9, 10 வரை போகும். நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டு நானே சாந்தைக் கரைத்திருக்கிறேன். மேலே எண்ணெய் சுரந்தாலும் கீழே தண்ணீர் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது.

முதலில் வாங்கிய மாய்ஸ்சரைசர் ரோஜா வாசனை. அழகான கண்ணாடி டப்பா, விலையும் ஜாஸ்தி. போட்ட ஐந்தாவது நிமிஷம் எரிந்தது, கழுவிவிட்டேன். இரண்டாவது முறை பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்கினேன். எது அதிகம் இருக்கிறதோ அது முதலில் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். எனக்குத் தேவை மூன்று வேலை. தண்ணீரைப் பிடித்து வைக்க கிளிசரின், சாந்தை நிரப்ப செராமைடு, மேலே மூட டைமெத்திகோன். பர்ஃப்யூம் என்ற சொல் எங்கேயும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்த டியூப், ரோஜா டப்பாவில் பாதி விலைதான். உடனே முகத்தில் போடாமல் மூன்று நாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

போடும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முகம் கழுவித் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து பொட்டு வைத்துப் பரப்ப வேண்டும். காய்ந்த பிறகு போட்டபோது பிசுபிசுத்த அதே கிரீம், ஈரத்தில் போட்டபோது தோலோடு போய்விட்டது.

இட்லி ஆவி எரியாமல் இருக்க ஆறு மாதம் ஆனது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூப் வீட்டில் இருந்தால் அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

*

அக்கா, நான் ஓசூர். மார்கழி, தை மாதங்களில் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு பைக்கில் போவேன். கன்னம் வெடித்து, ஷேவ் செய்தால் ரத்தம் கசியும். ஆம்பளைக்கு எதுக்கு கிரீம் என்று சும்மா இருந்தேன். அம்மாதான் கிளிசரின் வாங்கிப் போடச் சொன்னார். பன்னீர் கலந்து போடச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, பாட்டிலிலிருந்து அப்படியே பூசிவிட்டேன். எரிச்சல் தாங்கவில்லை, காலையில் முகம் இன்னும் இறுகிவிட்டது. கெட்டியான கிளிசரின், காற்றில் ஈரம் இல்லாதபோது தோலின் உள்ளிருந்தே தண்ணீரை இழுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா சொன்னபடி கலந்து போட்டபோது பரவாயில்லை. இப்போது ஷேவ் செய்ததும், சுள்ளென்று எரியும் அந்த ஆஃப்டர்ஷேவை விட்டுவிட்டு, வாசனையில்லாத லோஷன் போடுகிறேன். வெடிப்பு இல்லை.

*

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஊரில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய்தான் எல்லாத்துக்கும். இங்கே ஜனவரியில் வெளியே உறைகுளிர், வீட்டுக்குள்ளே ஹீட்டர். இரண்டுமே தோலைக் காயவைக்கும். வந்த முதல் குளிர்காலம் கன்னம் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. ஜூலையில் போட்ட ஜெல்லையே ஜனவரியிலும் போட்டதுதான் பிழை. இப்ப குளிருக்குக் கெட்டிக் கிரீம், அதற்கு மேலே மூக்கடியிலும் கன்னத்திலும் மெல்லிசாக வாசலின். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் காயத்துக்குப் பூசின மெழுகிலிருந்து வந்த சாமான் அது, 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தது. ஈரம் வெளியே போகாமல் மூடுவதற்கு அதைவிட நல்லது நான் காணவில்லை. ஆனால் என் மகளுக்குப் பரு வருகிற வயது. அவளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி நான் பருவைக் கூட்டிவிட்டேன். அவளுக்கு எண்ணெயில்லாத லோஷன்தான் சரிவந்தது. உங்கட தங்கச்சி இப்ப எப்படி இருக்கிறா?

*

அக்கா, எல்லாரும் விட்ட இடத்தை நீங்கள்தான் கேட்டீர்கள்.

நான் என் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு வருஷமும் அவளைப் பற்றி யோசிக்கவே இல்லை. கல்யாணத்தோடு நிறுத்தியிருப்பாள் என்று நினைத்தேன். போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது கண்ணாடி அலமாரியில், சீப்புக்குப் பக்கத்தில், அதே டியூப். பாதிக்கு மேல் சுருட்டி நசுக்கியிருந்தது. பின்னால் ட்ராயரில் இன்னும் இரண்டு. "நீதானக்கா நல்லாயிருக்குன்னு குடுத்த" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாளே அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னுடைய மாய்ஸ்சரைசர் டியூப் ஒன்றை அவர் முன்னால் வைத்து, இதையே இவளும் போடலாமா என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் அவள் கையில் கொடுத்தேன். இது மூன்றாவது வாரம். நேற்று ராத்திரி போன் செய்தாள். "எரியுதுக்கா, ஆனா தூங்கிட்டேன்" என்றாள். அடுத்த புதன்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும், நானும் லீவு போட்டிருக்கிறேன்.