குளோரின் சென்சார் காலையில சரி, 11 மணிக்குப் பாதிகூட இல்ல. என்ன செய்ய?

கோதையாத்துக்காரன்:
குலசேகரம் பக்கம் சின்னக் குடிநீர் பிளாண்ட்ல வேலை. ஆத்துத் தண்ணிதான். காலை 7 மணிக்கு டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தா தண்ணியை ரோஸ் ஆக்கிக் காட்டுறது) போட்டா 0.8 பிபிஎம். சென்சாரையும் அதே 0.8-க்கு காலிபிரேட் பண்ணி விடுறேன். 11 மணிக்கு மீட்டர் 0.3-ல நின்னு அலாரம் அடிக்குது. டிபிடி பார்த்தா அதே ரோஸ் கலர், 0.8. சரின்னு மீட்டரைத் திருத்தி வச்சா, மறுநாள் காலையில 2-க்கு மேல காட்டுது! சென்சார் நுனியில இருக்கிற மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) போன மாசம்தான் மாத்தினது. குளோரின் விடுற டோசிங் பம்ப் மீட்டரைப் பார்த்து ஓடாம மேனுவல்ல கிடக்கிறதால தப்பிச்சோம். இடவப்பாதி மழை தொடங்கின பொறவுதான் இந்தக் கூத்து.

தக்கலை டெக்னீஷியன்:
சென்சார் மாட்டியிருக்கிற ஃப்ளோ செல்லுல, தண்ணி ஓட்டத்தைக் காட்டுற மிதவை எங்க நிக்குது? ஃபில்டரை எதிர்ப்பக்கமா தண்ணி விட்டுக் கழுவுற (பேக்வாஷ்) நேரத்துல சாம்பிள் லைன் பிரஷர் இறங்கினா ரீடிங்கும் கூடவே இறங்கும். மெம்பிரேன் நுனியில காத்துக் குமிழ் ஒட்டியிருக்கான்னும் பாருங்க.

கோதையாத்துக்காரன்:
பார்த்தாச்சு அண்ணே. மிதவை ஒரே கோட்டுல நிக்குது, குமிழும் இல்ல.

லேப் அக்கா:
தம்பி, மீட்டர்ல கை வைக்காதீங்க. 7 மணிக்கும் 11 மணிக்கும் பிஎச் (அமில-காரத் தன்மை அளவு) எவ்வளவுன்னு சொல்லுங்க. நடுவுல தண்ணியில என்ன போடுறீங்க?

கோதையாத்துக்காரன்:
காலை 7.2, 11 மணிக்கு 8.0. மழைக் கலங்கலுக்குப் படிகாரம் கூட்டியிருக்கோம். பிஎச் இறங்குதேன்னு 9 மணிக்கு நம்ம அண்ணாச்சி சுண்ணாம்புக் கரைசலை வாளியோட கவுத்துவாரு.

லேப் அக்கா:
அந்த வாளிதான்! உங்க சென்சார் பஃபர் (பிஎச்சை ஒரே அளவுல பிடிச்சு வைக்கிற பொருள்) இல்லாத சாதா மெம்பிரேன் வகையா இருக்கணும். தண்ணியில குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட்னு ரெண்டு வடிவத்துல இருக்கும்; இந்த சென்சார் பெரும்பாலும் அமிலத்தைத்தான் பார்க்கும். 7.2-ல இருக்கிற குளோரின்ல மூணுல ரெண்டு பங்கு அந்த அமிலம். 8.0-ல கால் பங்குதான், மிச்சமெல்லாம் ஹைப்போகுளோரைட். 0.8-ல இருந்து 0.3-க்கு இறங்கின கணக்கு இப்போ ஒத்து வருதா? டிபிடியில பஃபர் இருக்கு. அது சாம்பிள் பிஎச்சை 6.5 பக்கம் இறக்கி ரெண்டையும் சேர்த்து எண்ணிடும். அதனால அதுக்கு எப்பவும் 0.8.

மீட்டர் பொய் சொல்லல தம்பி. கிருமியைக் கொல்றதுல அந்த அமிலத்துக்கு உள்ள வேகம் ஹைப்போகுளோரைட்டுக்குக் கிடையாது. நீங்க மதியம் திருத்தின மீட்டரை நம்பி ஆட்டோவுல விட்டிருந்தா, விடியக்காலம் மீட்டர் 2-க்கு மேல காட்டி, குளோரின் மருந்தே போகாம நின்னிருக்கும். குழாய்க் கடைசியில 0.2-க்குக் கீழ போயிட்டா அப்புறம் யார் பதில் சொல்றது?

தக்கலை டெக்னீஷியன்:
அக்கா சொன்னதுதான் சரி, எனக்கு அது தோணல. கண்ட்ரோலர்ல பிஎச் இன்புட் இருந்தா பிஎச் சென்சாரையும் கோர்த்து விடுங்க, அதுவே கணக்குப் போட்டுக்கும். இல்லன்னா பிஎச் அசையாம நிக்கிற நேரம் பார்த்துத் திருத்துங்க. சாம்பிளை ஃப்ளோ செல் வெளிக்குழாயிலயே பிடிச்சு, பிடிச்ச கையோட மாத்திரை போடணும். பாட்டிலை மேசையில வச்சுட்டு சாயா குடிக்கப் போனா குளோரின் இறங்கிடும்.

கோதையாத்துக்காரன்:
நாலு நாளாச்சு. காலையில ஒரு தடவை திருத்தினதோட சரி, பொறவு தொடவே இல்ல. "இத்தனை வருசமா வாளிதான், எனக்கே படிச்சுத் தாறியா?"ன்னு அண்ணாச்சி முதல்ல முறைச்சாரு. 11 மணி மீட்டரைக் காட்டினதும் சத்தம் போடல. இப்போ ஒரு வாளியை நாலா பிரிச்சு, மணிக்கொரு தடவை ஊத்துறாரு. இன்னைக்கு 11 மணிக்கு பிஎச் 7.5, டிபிடி 0.8, மீட்டர் 0.6. அலாரம் அடிக்கல. பிஎச் சென்சார் வாங்க எழுதிக் கொடுத்திருக்கேன், வரும்போது வரட்டும்.