முதல் கிதாரே கனவுக் கிதாராக இருக்கலாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 38. வாசிக்க ஒன்றுமே தெரியாது. மார்ட்டின் டி-28 என்ற விலையுயர்ந்த கிதாரை வாங்கப் பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறேன். அதையே முதலில் வாங்கலாமா, அல்லது யமஹா எஃப்310 போன்ற விலை குறைந்த ஒன்றில் பழகிவிட்டு வர வேண்டுமா?

பதில் 1: தாராளமாக வாங்குங்கள், நண்பரே. புதியவர்களைச் சோர்வடையச் செய்வது கிதாரின் விலையல்ல, பெரும்பாலும் தந்திகளின் உயரம்தான். 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே தடித்த தந்தி சுமார் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் விரல் தாங்கும். அதற்கு வெகுவாக மேலே போனால், சுட்டுவிரலால் பல தந்திகளை ஒரேசமயம் அழுத்த வேண்டிய எஃப் கார்டைப் (சுரக்கூட்டு) பிடிக்கும்போது சுட்டுவிரலின் ஓரத்தில் தந்தி பதிந்து, இரண்டே வாரங்களில் கிதார் மூலைக்குப் போய்விடும். 0.011 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்திகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பதில் 2: எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. டி-28 பெரிய உடல் கொண்டது. வலத்தோள் உயர்ந்து வலிக்கிறதா என்று கடையில் அரைமணி நேரமாவது மடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டுப்பலகை இல்லாமல் முழுக்க அசல் மரம் என்பதால் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. வாசிக்காதபோது பெட்டிக்குள் வையுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. சனிக்கிழமை கடைக்குப் போய் மடியில் வைத்துப் பார்க்கிறேன்.