ஃபைப்ரோமயால்ஜியா: விரல் வெளிறுவதற்கு ரத்தக்குழாய் காரணமா?

கேள்வி:
எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீண்ட நாள் வலி தரும் நோய்). உடம்பு வலி ஒரு பக்கம் இருக்கட்டும், குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலே விரல்கள் வெளிறி உள்ளங்கை எரிகிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். சின்ன ரத்தக்குழாய்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 1:
இருக்கலாம். 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்த நோயுள்ள பெண்களின் உள்ளங்கைத் தோலில் துளியளவு எடுத்துப் பார்த்தார்கள். நுண்தமனியையும் நுண்சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குப் பாதைகளைச் சுற்றி உணர்வு நரம்புகள் அளவுக்கு மீறி இருந்தன. உடல் சூட்டைச் சீராக்குவதில் இந்தப் பாதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குளிர் நம்மை இப்படிப் படுத்துவதற்கு எனக்கு நம்பும்படியாகத் தோன்றும் விளக்கம் இதுதான். ஆனால் சிறிய ஆய்வு; காரணமா விளைவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பதில் 2:
விரல் வெளிறுவதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள், ரேனாடாக (குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் பிரச்சினை) இருக்கலாம். வாதநோய் மருத்துவரிடம் நகக்கண் நுண்குழாய்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நக ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்ப்பார்கள், வலிக்காது. ஸ்க்ளீரோடெர்மா (தோல் தடித்து இறுகும் நோய்) இருந்தால் பெரும்பாலும் குழாய்கள் பெருத்துத் தெரியும். எனக்கு அப்படி இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

கேள்வி கேட்டவர்:
சரி, கேட்கிறேன். நகப்பூச்சை எடுத்துவிட வேண்டுமா?

பதில் 2:
ஆமாம். அப்புறம், நகக்கண் தோலை வெட்டாமல் போங்கள்.