சுட்டது காக்கி என்றால் அரசு வக்கீல், நாம் என்றால் நிலப்பத்திரமா?

தேயிலைத்தோட்டம்:
"தற்காப்புக்குச் சுட்டால் போலீஸுக்கும் பொதுஜனத்துக்கும் சட்டம் ஒன்றுதான்" என்று நேற்று ஒரு மகானுபாவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து தொண்டையில் டீ இறங்கவில்லை. கூடலூர் பக்கம் என் சித்தப்பா, ராத்திரி கதவை உடைத்து அரிவாளோடு உள்ளே வந்தவனை லைசென்ஸ் ஒற்றைக்குழலால் காலில் சுட்டார். ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், மூன்று வருஷம் வாய்தா. விடுதலைதான். ஆனால் வக்கீல் பீஸுக்குப் போன அரை ஏக்கர் திரும்பி வரவில்லை. அதே குண்டை ஒரு எஸ்.ஐ. சுட்டிருந்தால் அரசு வக்கீல் வந்து நின்றிருப்பார். ஒன்றுதானாம்!

மன்னவனூர்க்காரன்:
அந்த மகானுபாவர் நான்தான். அரசு வக்கீல் போலீஸுக்கு வரமாட்டார் ஐயா, எஸ்.ஐ. மேல் கொலை வழக்கு செஷன்ஸுக்குப் போனால் எதிரே நிற்பவரே அவர்தான். என்கவுன்டரில் ஆள் செத்தால் எஃப்.ஐ.ஆர். போடணும், சிஐடியோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்கணும் என்று 2014-லேயே பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்காப்பு உரிமை பழைய தண்டனைச் சட்டமான ஐபிசியில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது, இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்ஸில் 34 முதல் 44 வரை. காக்கிக்குத் தனி, வேட்டிக்குத் தனி என்று அங்கே இல்லை.

தேயிலைத்தோட்டம்:
நம்பர் ஒப்பிக்காதீர்கள். போலீஸ் செய்தது தப்பு என்று ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டால் போலீஸ் தரப்பில் எழுந்து நிற்பது யார்?

மன்னவனூர்க்காரன்:
அது ரிட். நான் சொல்வது குற்றவாளிக் கூண்டு.

தேயிலைத்தோட்டம்:
யார் என்றுதான் கேட்டேன். அரசு வக்கீல். முடிந்தது.

குன்னூர் ஜூனியர்:
இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள் அண்ணே. வித்தியாசம் வக்கீலில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. கடமையைச் செய்யும்போது நடந்தது என்றால் அரசு அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை எடுக்க முடியாது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய பிரிவு 197, புதிய பிரிவு 218. அதுவும் அரசு மட்டுமே வேலையை விட்டு நீக்கக்கூடிய அதிகாரிக்குத்தான், அரசு தனியாக அறிவிக்கை போட்டிருந்தால் ஒழிய எஸ்.ஐ.க்குத் தானாகக் கிடைக்காது. நமக்கோ, தற்காப்புதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில். காவலில் இருப்பவருக்கு 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்கு போன் அடித்தால் போதும்.

தேயிலைத்தோட்டம்:
தம்பி, ஜாமீனில் வந்தபிறகு? வருமான வரம்பு கேட்பார்கள். அரை ஏக்கர் வைத்திருப்பவன் பணக்காரன் ஆகிவிடுவான். படித்த பிள்ளை, இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

குன்னூர் ஜூனியர்:
நான் தங்கச்சி அண்ணே, தம்பி இல்லை. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் அந்த வரம்பு கிடையாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மன்னவனூர்க்காரன்:
இவருக்குத் துப்பாக்கிதான் பிரச்சினை. போன வருஷமும் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் லைசென்ஸைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

தேயிலைத்தோட்டம்:
வருவேன். தேர்தல் என்றால் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். திரும்ப வாங்கும்போது துப்பாக்கியின் விசையில் துரு, ரசீதில் நம்பர் தப்பு. தப்பு உன்னுடையது, போய் எழுதிக் கொடு என்றார்கள். அவர்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது யார் காசில்? அதே காசில்தான் வக்கீலும்.

மன்னவனூர்க்காரன்:
எண்ணெயிலிருந்து வக்கீலுக்கு வந்துவிட்டார், பிரமாதம். கூண்டில் நிற்கும் போலீஸுக்கு அரசு வக்கீல் இல்லை, இல்லை, இல்லை. பூண்டு நடுகிறவனுக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள் போல.

தேயிலைத்தோட்டம்:
கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலைக்கனம் அதிகம்.

மன்னவனூர்க்காரன்:
2019-ல் வாங்கினோம். பச்சைத்தேயிலைக்கு விலை கேட்டு ரோட்டில் உட்காரவில்லை.

குன்னூர் ஜூனியர்:
இது எந்தப் பிரிவில் வருகிறது?

தேயிலைத்தோட்டம்:
விலையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உங்கள் மலையில் ஒருவன் வீட்டுக்கதவை உடைக்கட்டும், அப்போது நம்பர் சொல்லிப் பாருங்கள், 34, 35 என்று. என் சித்தப்பாவுக்கு 71 வயது, இன்னமும் ராத்திரி கதவுக்குக் குறுக்கே கட்டில் போட்டுத்தான் படுக்கிறார், துப்பாக்கியைத் தொடுவதில்லை. சரி, இலை வண்டி வந்துவிட்டது, எடை போட்டுவிட்டு வருகிறேன். அதற்குள் ரிட்டில் யார் நிற்கிறார் என்று எழுதிவையுங்கள்.

மன்னவனூர்க்காரன்:
கூண்டில் யார் நிற்கிறார் என்று நீங்கள் எழுதுங்கள், அப்புறம் நான் எழுதுகிறேன்.