கம்யூனிட்டி காலேஜில் ஏழாண்டுகள் படித்தபின் பல்கலைக்கழகத்துக்கு மாறியது: கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு

கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரியில் ஆறாண்டுகளாகப் பகுதிநேரமாகப் படித்துவரும் சகோதரி ஒருவர், "இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டவளைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளுமா?" என்று கேட்டிருந்தார். நான் ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற பணி விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது) வந்து, இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடங்களாக எடுத்து, ஏழாண்டுகளுக்குப் பின்னரே பொருளியல் படிக்க யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். ஆகவே உறுதியாகச் சொல்கிறேன், சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் எடுத்த பாடங்களையும் அவற்றில் பெற்ற மதிப்பெண்களையும்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

பாடங்களின் அளவைக் கணக்கிடும் யூனிட்டுகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டனவோ என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. மூன்றாமாண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட்டுகள், ஏறத்தாழப் பத்து வாரப் பருவங்களைக் கொண்ட குவார்ட்டர் முறையில் 90, தேவை. கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்தவர்களுக்கு யூசி அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட்டுகளைப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் படித்த பாடங்களுக்கு யூனிட் கிடைக்காவிட்டாலும், அந்தப் பாடத்தை முடித்தவர் என்ற தகுதி நிலைக்கும். அதிகம் படித்ததற்காக உங்களை ஒதுக்க மாட்டார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு பாடத்தின் யூனிட் பல்கலைக்கழகத்துக்கு மாறும் என்பதும், அந்தப் பாடம் நீங்கள் சேர விரும்பும் மேஜரின், அதாவது முதன்மைப் பாடத்துறையின், தேவையை நிறைவேற்றும் என்பதும் ஒன்றல்ல. நான் கணிதத்துக்காகப் புள்ளியியல் பாடத்தை முடித்தேன். அதன் யூனிட்டும் மாறியது, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான பொதுக்கல்வித் தேவையும் நிறைவேறியது. கணிதம் முடிந்தது என்று கவுன்சிலர் சொன்னதை நம்பி நானும் நிம்மதியாக இருந்தேன். ஆறாம் ஆண்டில்தான், நான் விரும்பிய வளாகத்தின் பொருளியல் துறை இரண்டு கால்குலஸ் பாடங்களையும் முன்கூட்டியே கேட்கிறது என்பதை அறிந்தேன். ஒன்றை முடித்த பிறகே மற்றொன்றை எடுக்க முடியும் என்பதால் ஓராண்டு முழுவதும் அதற்கே போயிற்று. அந்த ஆண்டை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. எனவே அசிஸ்ட் என்ற அரசு இணையதளத்தில் உங்கள் கல்லூரி, சேர விரும்பும் வளாகம், மேஜர் ஆகிய மூன்றையும் கொடுத்து, எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற பட்டியலை நீங்களே எடுத்துப் பாருங்கள். அது ஆண்டுதோறும் மாறக்கூடியது. ஆகையால் ஒவ்வோராண்டும் பார்த்து, ஒரு பிரதியைச் சேமித்து வையுங்கள். கவுன்சிலரிடம் செல்லும்போது அந்தப் பிரதியைக் கையில் கொண்டு செல்லுங்கள்.

இடைவெளி விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 இலையுதிர் பருவம் முதல் பழைய ஐஜெட்சி பொதுக்கல்வித் திட்டத்துக்குப் பதிலாகக் கால்-ஜெட்சி வந்துவிட்டது. அதற்கு முன்பே தொடங்கித் தொடர்ச்சியாகப் படித்துவருபவர்கள் பழைய திட்டத்திலேயே முடிக்கலாம். நடுவில் நிறுத்தியவர்கள் அந்த உரிமையை இழக்க நேரிடும். எவ்வளவு இடைவெளியைத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்வார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். பிரசவம், பெற்றோர் வருகை, ஊர்ப் பயணம் என்று எதுவந்தாலும், இயன்றால் ஒரேயொரு பாடத்தையாவது விடாமல் எடுத்துவாருங்கள்.

கட்டணத்தில், கலிபோர்னியாவாசியாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர். ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் ஓராண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, தங்கும் நோக்கத்தையும் சான்றுகளால் காட்டினால் இந்தத் தகுதியைப் பெறலாம். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அது இல்லை. மாறும்போது பல்கலைக்கழகம் இதை மீண்டும் தனியாக ஆராயும் என்பதால் வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கிரீன் கார்டு பெற்று அரசு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கு மட்டும் நீண்ட காலம் படிப்பது ஒரு சிக்கலாகலாம்: பெல் கிராண்ட் எனப்படும் மத்திய அரசு உதவித்தொகை வாழ்நாளில் 12 முழுநேர செமஸ்டர்களுக்கு ஈடான அளவே கிடைக்கும், மேலும் 60 யூனிட் படிப்புக்கு 90 யூனிட்டுகளுக்கு மேல் முயன்றிருந்தால், முறையீடு செய்யாமல் உதவி தொடராது. இடையில் விலகி 'டபிள்யூ' வாங்கிய பாடங்களும் இந்த முயற்சிக் கணக்கில் சேரும்.

உங்கள் பிள்ளைகளே ஹெச்-4 விசாவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறார்கள் என்றால், 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். எஃப்-1க்கு மாறினால் பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட்டுகள் படித்தாக வேண்டும்.

ஊரில் ஓராண்டு மட்டும் படித்துவிட்டு நிறுத்திய கல்லூரியாக இருந்தாலும் விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அந்த மதிப்பெண்களுக்கு வெட்கப்பட்டு மறைத்தால், பின்னர் தெரியவரும்போது கிடைத்த இடமே ரத்தாகலாம். ஊரில் பட்டமே பெற்றவர்களுக்கு நிலைமை வேறு; யூசி வளாகங்கள் பெரும்பாலும் இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு ஆள் எடுப்பதில்லை. அவர்கள் முதுநிலைப் படிப்பைப் பற்றி யோசிப்பது நல்லது.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து நவம்பர் இறுதி வரைக்குமான காலமே யூசி விண்ணப்பத்துக்கு உரியது. டேக் எனப்படும் சேர்க்கை உறுதித் திட்டத்துக்கு அதற்கும் முன்பாக, செப்டம்பரிலேயே, ஒரேயொரு வளாகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டுமே அது உண்டு. ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்களைப் பதிவேற்றச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

கட்டுரைக் கேள்விகளில், மேஜருக்கு உங்களை எப்படி ஆயத்தப்படுத்திக்கொண்டீர்கள் என்பது கட்டாயக் கேள்வி. மற்றவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 350 ஆங்கிலச் சொற்கள்தான் எல்லை. நான் ஆண்டுகளை மறைக்கவும் இல்லை, அவற்றுக்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எந்தப் பருவத்தில் குழந்தை பிறந்தது, எப்போது ஒரு பாடத்தைக் கைவிட்டேன், அதே பாடத்தை மறுபருவத்தில் எப்படி முடித்தேன் என்பதை வரிசையாக எழுதினேன். நேரமின்மையிலும் விடாமல் படித்ததை அவர்கள் மதிப்பார்கள் என்று நம்பினேன்.

மாறிய பிறகு வேகம் கூடும் என்பதை வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள். பெர்க்லி, மெர்செட் தவிர்த்த யூசி வளாகங்கள் இளநிலையில் குவார்ட்டர் முறையில் இயங்குவதால், பத்து வாரங்களில் ஒரு பாடம் முடிந்துவிடும். மூன்றாவது வாரத்திலேயே இடைத்தேர்வு வரலாம். பருவத்துக்கு ஒரு பாடம் என்ற பழைய ஏற்பாடு அங்கே எளிதில் கிடைக்காது. என் கணவர் தம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஒப்புக்கொண்ட பிறகே நான் சேர்வதாகக் கையெழுத்திட்டேன்.

சகோதரி, உங்கள் மேஜர் எது, எந்த வளாகத்தை நினைத்திருக்கிறீர்கள், இதுவரை முடித்த பாடங்கள் எவை என்பதை எழுதுங்கள். அசிஸ்ட் பட்டியலுடன் ஒப்பிட்டு, எவை மீதமிருக்கின்றன என்று நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.