மறு: ‘ஸ்வேல்’ தமிழில் – ‘புல்லோடை’ என்று வைக்கலாம்

வணக்கம்.

மழைநீரை மெதுவாக நடத்தும் புல் பள்ளத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்வேல்’ (swale) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: தாழ்வடிகால், புல்வாய்க்கால், புற்சால். நான் ‘புல்லோடை’ என்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தச் சொல் கலைச்சொல் பட்டியலோடு நிற்கப்போவதில்லை. மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் எங்கள் பக்கத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு)ப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புல் வெட்டுகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தூக்குவார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாலையோரமாக அகலமாக, அதிக ஆழமில்லாமல், புல் போர்த்திக் கிடக்கும் பள்ளம் இது. கூரையிலும் தாரிலும் விழுந்த மழைநீர் இதில் இறங்கி, புல்லில் உரசி வேகம் குறைந்து, கொஞ்சம் மண்ணில் ஊறி, மிச்சம் மெதுவாகக் குளத்துக்குப் போகும். கூடவே வந்த வண்டல் புல்லடியில் தங்கிவிடும். ஓரடி இறங்க நான்கடி சாய்வு என்று கரையை விடுவோம். அப்போதுதான் புல் வெட்டும் இயந்திரம் புரளாமல் ஏறி இறங்கும். நீளவாக்கில் சரிவு போதாமல் போனால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் டிங்கி பயம். ஏடிஸ் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும் என்பதால், மழை விட்ட ஒரு நாளுக்குள் பள்ளம் வடிந்தாக வேண்டும் என்று பார்த்துத்தான் மட்டம் பிடிக்கிறோம்.

எங்கள் ஊரில் இதைக் கண்ணால் பார்க்கவே முடியும். மலேசிய வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் ‘மஸ்மா’ (MSMA) என்ற நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001-இல் நடைமுறைக்கு வந்தது. மழைநீரை அவசரமாக ஆற்றில் தள்ளாமல், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து நிதானப்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதையொட்டி, இங்கிருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் ‘பயோஇகோட்ஸ்’ என்ற அமைப்பைச் செய்துகாட்டினார்கள். பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) நின்ற தட்டை நிலம் அது. மேலே புல், அதன் கீழே ஆற்று மணல், மணலுக்குள் நீர் புகும் துணி சுற்றிய பிளாஸ்டிக் கூடு. பெருமழையில் புல்மேல் ஓடும் நீர் ஒன்று, மணல் வழியாக வடிந்து கூட்டுக்குள் போகும் நீர் இன்னொன்று. இரண்டும் கடைசியில் குளங்களுக்கும் செயற்கைச் சதுப்புக்கும் போய்ச் சேரும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘வடிகால்’ என்று முடியும் எதையும் நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெயரைக் கேட்டதும் யாருக்கும் ‘அடைப்பை எடு, ஆழப்படுத்து, சிமெண்ட் போடு’ என்றுதான் தோன்றும். ‘வாய்க்கா’லிலும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வாய்க்கால் என்றால் செம்பனை நிரைகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக வெட்டி, கரையைச் செதுக்கி, தூர் வாரி வைத்திருப்பது. அங்கே அது சரிதான். தாழ்ந்த நிலத்தில் செம்பனையின் வேர் நீரில் நின்றால் குலை குறைந்துவிடும். ஆனால் அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வேலை கெட்டுப்போகும். நான் வரைந்த ஒரு பள்ளத்துக்கு அதுதான் நடந்தது. ‘புல் மண்டிய வடிகால்’ என்று நினைத்து, குத்தகையாளர் ஒருவர் பேக்ஹோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தை இறக்கிப் புல்லோடு மண்ணை வாரிவிட்டார். பச்சை மண் கரை அடுத்த பெருமழையில் சரிந்தது. அப்புறம் அரைவட்ட சிமெண்ட் பதித்து முடித்துவிட்டார்கள். கீழ்த் தெருவுக்கு இப்போது தண்ணீர் முன்னைவிட வேகமாக வருகிறது. அவரிடம் கொடுத்த வேலைத்தாளிலும் ‘வடிகால்’ என்றே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரமும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

‘புற்சால்’ நல்ல சொல்தான். உழவுச்சாலை நினைத்து அதைச் சொன்ன நண்பரின் மனம் புரிகிறது. ஆனால் இங்கே ஏர் பார்த்தவர்கள் குறைவு. தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்தவை பால்மரமும் (ரப்பர்) செம்பனையும்தான். சொல்லிப் பார்த்தாலும் ‘புற்று’ என்றுதான் காதில் விழுகிறது.

‘புல்லோடை’யில் புல் முன்னால் நிற்கிறது. புல்லை எடுத்துவிட்டால் அந்தப் பெயரே பொருந்தாது என்று படிக்கிறவருக்குத் தெரியும். ஓடை என்றால் ஆழமில்லை, வளைந்து போகலாம், கரை சாய்வாக இருக்கும். ஓடை இயற்கையானது, இது வெட்டியது என்று ஐயா ஒருவர் எதிர்ப்புச் சொல்லியிருந்தார். நியாயமான கேள்வி. இயற்கை ஓடை போல நீரை நடத்தத்தான் இதை வெட்டுகிறோம் என்பதால் அந்தப் பெயர் இதற்கு இருக்கலாம் என்பது என் எண்ணம். பெரும்பாலான நாள் உலர்ந்து கிடக்குமே என்றால், நம் ஓடைகளில் பலவும் மழைக்கு மட்டும் ஓடுபவைதானே.

வடிகட்டும் மண்கலவையும் செடிகளும் போட்ட ‘பயோஸ்வேல்’ வேறு. அதை ‘வடிமண் ஓடை’ என்று பிரிக்கலாம். ‘உயிரோடை’ என்றால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன போட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

நீரைச் சில மணி நேரம் மட்டும் பிடித்துவைக்கும் குளத்துக்கும் எப்போதும் நீர் நிற்கும் குளத்துக்கும் இன்னும் ஒரே பெயரைத்தான் புழங்குகிறோம். பின்னதற்குத் ‘தேக்கக் குளம்’ போதும். முன்னதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் தனி இழையில் போடுங்கள். குறிப்பில் அந்தப் பத்தியை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.