மீள்திறனா, மீண்டெழுதிறனா?

> ‘மீள்திறன்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. முன்னால் ‘கல்வி’ சேர்த்தால் போதாதா?

வணக்கம்.

‘அகடெமிக் ரெசிலியன்ஸ்’ (academic resilience), அதாவது படிப்பில் தோற்றபின் மீண்டு எழும் திறன், இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே கேள்வி. ‘மீள்திறன்’ புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் போதாது என்றே நினைக்கிறேன். மீள்தல் என்றால் இழுத்துவிட்ட ரப்பர் பழைய வடிவத்துக்கு வருவது. இயற்பியலில் மீள்தன்மையும் அதுதான். நாம் அளக்கப்போவது வேறு.

உளவியல் ஆய்வாளர் சைமன் கேசிடி 2016இல் வெளியிட்ட 30 கூற்று அளவுகோலைப் பாருங்கள். பாடப்பணியில் தோற்ற ஒரு மாணவரின் நிலையைச் சொல்லி, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. விடைகள் மூன்று கூறுகளாகப் பிரிகின்றன: விடாமுயற்சி, தன்னை அலசிப்பார்த்து உதவி நாடுவது, மனம் வாடுவது. தோற்ற பிள்ளை படிக்கும் முறையை மாற்றுகிறதா, ஆசிரியரிடம் போய்க் கேட்கிறதா என்பதே இங்கே முக்கியம். பழைய நிலைக்கே திரும்பினால் அடுத்த தேர்விலும் அதே மதிப்பெண்தானே? அதனால்தான் ‘கல்வி மீண்டெழுதிறன்’ என்கிறேன். ‘மனவுறுதி’யும் சரிவராது, உதவி கேட்பதை அது மறைத்துவிடும்.

அப்புறம், மார்ட்டின், மார்ஷ் என்ற ஆய்வாளர்கள் 2008இல் தனியே பிரித்துக் காட்டிய ‘பாயன்சி’ (buoyancy, நேர்ப்பொருள் மிதக்கும் தன்மை). ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண், நெருக்கும் கெடுநாள் போன்ற அன்றாடச் சறுக்கல்களைப் பற்றியது. அளக்க 4 கூற்றுகளே. ‘மிதப்பாற்றல்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ‘அவன் ஒரே மிதப்பில் இருக்கிறான்’ என்றால் நமக்கு என்ன பொருள்? ‘தாக்குப்பிடிப்புத்திறன்’ நீளம்தான், ஆனால் கேட்டதும் விளங்கும்.

பீசா (PISA) என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வில் இதே ரெசிலியன்ஸ் வேறு பொருளில் வருகிறது. சமூகப் பொருளாதார நிலையில் கீழ்க் கால்பகுதியில் இருந்தும் தேர்ச்சியில் மேல் கால்பகுதிக்கு வந்த 15 வயதினர். அது திறன் அல்ல, விளைவு. ‘மீண்டெழுந்தோர்’ எனலாம்.

கேசிடியின் அளவுகோல் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. 12 வயதுப் பிள்ளைக்கு ‘எனக்கு மனச்சோர்வு ஏற்படாது’ என்று எழுதி, எதிரே ‘உடன்படவில்லை’ என்று போட்டால் எதை மறுக்கிறோம் என்றே குழம்பிவிடும். ‘எனக்கு அழுகை வரும்’ என்று நேராக எழுதி, மதிப்பிடும்போது எண்ணைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். கேசிடியின் மூன்றாவது கூறான மனம் வாடுவதற்கும் ‘மனச்சோர்வு’ என்ற பெயர் வேண்டாம். அது நோயின் பெயராகிவிட்டது. ‘மனவாட்டம்’ பொருந்துமா? உளவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.